தினமும் நடக்கிறேன், தொப்பை மட்டும் அப்படியே இருக்கிறதே?

நாற்பதைத் தாண்டிய வாசகர்கள் உடற்பயிற்சி, சாப்பாடு பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு உணவியல் நிபுணர் ஒருவரும் இயன்முறை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

வயது 46. உயரம் 168 செ.மீ., எடை 76 கிலோ. வங்கி வேலை. எட்டு மாதமாக தினமும் காலையில் 45 நிமிடம் நண்பர்களோடு நடக்கிறேன். முதலில் இரண்டு கிலோ குறைந்தது. அதற்கப்புறம் முள் அசையவே இல்லை. தொப்பையும் அப்படியேதான். எங்கே தவறு?
– வாசகர், திருச்சி

நடை முடிந்ததும் என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. கூட்டமாக நடப்பவர்களில் பலருக்கு நடை முடிகிற இடம் டீக்கடை. உங்கள் எடையில் 45 நிமிடம் சாதாரணமாக நடந்தால் செலவாவது 150 முதல் 200 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு டீயும் ஒரு மெதுவடையும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும், கொஞ்சம் வட்டியும் சேர்த்து. டீக்கடை பழக்கம் இல்லையென்றால், 'நடந்துவிட்டோமே' என்ற தைரியத்தில் காலையில் கூடுதலாக இரண்டு இட்லி உள்ளே போகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

அடுத்தது வேகம். பேசிக்கொண்டே நடப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் கிரிக்கெட் முதல் அரசியல் வரை மூச்சு வாங்காமல் பேச முடிகிறது என்றால் அது உலா, பயிற்சி அல்ல. கைக்கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 25 வந்தால் நிமிடத்துக்கு 100, அதுதான் குறைந்தபட்ச மிதமான வேகம். அந்த வேகத்தில் பேசலாம், பாட முடியாது. இனி மூன்று நிமிடம் விறுவிறுப்பாக, மூன்று நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி ஐந்து சுற்று நடங்கள். ஜப்பானில் ஷின்ஷு பல்கலைக்கழகத்தார் நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் வைத்துச் சோதித்த முறை இது. ஒரே சீராக நடந்தவர்களைவிட இப்படி நடந்தவர்களுக்குக் கால் வலிமை கூடியது, ரத்த அழுத்தமும் இறங்கியது. முப்பது நிமிடம் போதும், மிச்சம் பதினைந்து நிமிடத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்த வேலை தசைக்கானது. முப்பதுகளிலிருந்தே தசை பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை கரைகிறது. நடை அதைத் தடுத்து நிறுத்தாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மித உழைப்பு என்பதோடு வாரம் இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி என்ற வரியும் உண்டு. முதல் வரியைப் பின்பற்றுகிறவர்கள் நிறைய, இரண்டாவதைக் கண்டுகொள்வோர் குறைவு. பயிற்சிகளைக் கோவை வாசகியின் கேள்விக்குக் கீழே விளக்கியிருக்கிறோம். நீங்களும் அதையே செய்யலாம்.

கடைசியாக, தராசை மட்டும் நம்பாதீர்கள். உப்பு தூக்கலான ஒரு விருந்து சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டும், அத்தனையும் தண்ணீர். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் எடை பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தையல்காரர் டேப்பால் இடுப்பை அளங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. 'என் பேண்ட் சைஸ் இன்னும் 34தான்' என்பவர்கள் கவனிக்க: பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கி நிற்கிறது, அதனால் அந்த எண்ணிக்கையில் தொப்பையே சேராது.

வயது 43, உயரம் 156 செ.மீ., எடை 68 கிலோ. சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. புரதம் போதவில்லை என்கிறார்கள். பவுடர் வாங்காமல் வீட்டுச் சாப்பாட்டிலேயே சமாளிக்க முடியுமா?
– வாசகி, மதுரை

முடியும். முதலில் இப்போது எவ்வளவு சேர்கிறது என்று கணக்குப் போடுவோம். காலையில் நான்கு இட்லி, சட்னி: 8 கிராம் புரதம். மதியம் 100 கிராம் அரிசியில் வடித்த சோறு: 7 முதல் 8. சாம்பாரில் உங்கள் பங்குக்கு வரும் பருப்பு 15 கிராம் என்றால் 3. பொரியல் 2, ஒரு கப் தயிர் 3. இரண்டு வேளை காபிக்கான பால் 200 மி.லி.: 6. இரவு மூன்று தோசை: 9. மொத்தம் சுமார் 40 கிராம்.

உங்கள் உயரத்துக்கு ஏற்ற எடை 55 கிலோ அளவில் வரும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம். நாற்பதுக்கு மேல் தசையையும் காப்பாற்ற வேண்டுமென்பதால் நாங்கள் கிலோவுக்கு ஒரு கிராம் என்றே கணக்கு வைப்போம். ஆக, 55 கிராம். பதினைந்துதான் பாக்கி.

அதற்கு மூன்று மாற்றம் போதும். மதியம் தண்ணீர்ச் சாம்பாருக்குப் பதில் கெட்டியான கூட்டு அல்லது பருப்புக் கடைசல் வையுங்கள். நாலு பேர் சமையலில் வழக்கமாகப் போடும் பருப்போடு இன்னொரு 100 கிராம் போட்டால் ஆளுக்கு 5 கிராம் புரதம் கூடும். மாலை பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல்: 30 கிராம் கொண்டைக்கடலை ஊறி வெந்தால் ஒரு சின்னக் கிண்ணம், 6 கிராம் புரதம். இரவு தயிர் இன்னொரு கிண்ணம், 150 கிராமுக்கு நாலரை கிராம். கணக்குச் சரி.

ஆனால் இதையெல்லாம் பழைய சாப்பாட்டின் மேல் ஏற்றினால் எடை கூடும். சுண்டல் வந்தால் பிஸ்கட் போக வேண்டும். கூட்டு கூடினால் சோற்றில் ஒரு கரண்டி குறைய வேண்டும். இரவு தயிர் சேர்ந்தால் மூன்றாவது தோசை வேண்டாம்.

பலர் சுண்டலை ஒரு வாரத்தில் கைவிடுவதற்குக் காரணம் வயிற்று உப்புசம். பயறுகளில் உள்ள ஒருவகை சர்க்கரை சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் நொதித்து வாயுவாகிறது. பத்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். விரலால் அழுத்தினால் மசிய வேண்டும். நறுக்கென்று இருந்தால் இன்னும் இரண்டு விசில் விடுங்கள். முதல் வாரம் பச்சைப்பயறு, அதுவும் இரண்டு மேசைக்கரண்டி. பழகிய பிறகு கொண்டைக்கடலைக்குப் போகலாம். தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய், மேலே தூவ ஒரு ஸ்பூன் தேங்காய். அரை மூடித் துருவினால் அது சுண்டலல்ல, தேங்காய்ப் பொரியல்.

வாரம் இரண்டு நாள் இரவுத் தோசையை அடையாக்குங்கள். ஒரு டம்ளர் அரிசிக்குக் கடலை, துவரை, உளுந்து மூன்றும் சேர்த்து ஒரு டம்ளர். இட்லி மாவில் 4:1 என்ற அளவை 3:1 ஆக்கினால் இட்லிக்குக் கெடுதலில்லை. தோசைதான் மொறுமொறுப்பு குறைந்து மெத்தென்று வரும், வீட்டில் முணுமுணுப்பு எழலாம்.

ஒரு எச்சரிக்கை: கிரியாட்டினின் கூடியிருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறது என்று யாருக்காவது சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு அவர்களுக்கு இல்லை. புரத அளவைச் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வயது 52. மூட்டுத் தேய்மானம் ஆரம்பம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். மாடிப்படி இறங்கும்போது வலி. 'உட்கார்ந்து எழும் பயிற்சி செய்யாதே, முட்டி போய்விடும்' என்கிறார் அக்கா. டாக்டர் 'தொடைத் தசையை வலுப்படுத்துங்கள்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

இருவர் சொல்வதிலும் பாதி இருக்கிறது. தரையில் சம்மணமிட்டு எழுவதும் முழுக் குந்தலும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் தொடையின் முன்தசை இளைத்தால் படியிறங்கும்போது வரும் அதிர்ச்சியைத் தாங்க ஆளில்லாமல் அது நேரே மூட்டுக்குப் போகிறது. அதனால் படிப்படியாக ஆரம்பியுங்கள்.

முதல் இரண்டு வாரம் படுத்துக்கொண்டு செய்வது. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வையுங்கள். மறு காலை முட்டியை நீட்டி விறைப்பாக்கி, தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். காலுக்குப் பத்து தடவை, இரண்டு சுற்று.

மூன்றாம் வாரத்திலிருந்து நாற்காலி. கைப்பிடி உள்ள, வழுக்காத, ஒன்றரை அடி உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மேலே ஒரு தலையணை வையுங்கள். உயரம் கூடக் கூட மூட்டின் பாரம் குறையும், தலையணை அதற்குத்தான். பாதங்கள் தோள் அகலத்தில். பின்புறத்தை நாற்காலியை நோக்கித் தள்ளிக்கொண்டே, மூன்று எண்ணி உட்காருங்கள். எடை குதிகாலில் இருக்கட்டும், கால்விரலை லேசாகத் தூக்க முடிந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். மூச்சை விட்டுக்கொண்டே எழுந்திருங்கள். எட்டு தடவை, ஒரு நிமிட ஓய்வு, இன்னொரு எட்டு. வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தசை வளர்வது ஓய்வு நாளில்தான்.

வழக்கமாகத் தவறு நடப்பது மூன்று இடத்தில். கடைசி அரை அடியில் தொப்பென்று விழுவது முதலாவது. மெதுவாக இறங்கும் அந்தக் கட்டத்தில்தான் தொடைக்கு வேலையே, அதைத் தவறவிட்டால் பயிற்சியில் பாதி போச்சு. இரண்டாவது, எழும்போது முட்டிகள் இரண்டும் உள்பக்கம் சாய்வது. இரண்டாவது கால்விரலுக்கு நேரே முட்டி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மூன்றாவது, மூச்சை அடக்குவது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

பதினைந்து தடவை சிரமமில்லாமல் வந்துவிட்டால் தலையணையை எடுத்துவிடுங்கள். அதிலும் பதினைந்து வந்தால் கைக்கு ஒன்றாக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அப்புறம் இரண்டு லிட்டர். 'பழகிவிட்டது, சுலபமாக இருக்கிறது' என்று அதே அளவிலேயே நிற்பவர்களுக்குப் பலனும் அங்கேயே நின்றுவிடும்.

கூடவே, சுவரில் கை ஊன்றி நெஞ்சைச் சுவர்வரை கொண்டுபோய்த் தள்ளி நிமிர்வது, நாற்காலி முதுகைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, லேசாக முன்சாய்ந்து தண்ணீர் பாட்டிலை இடுப்பு நோக்கி இழுப்பது – மூன்றும் பத்துப் பத்து, இரண்டு சுற்று. எல்லாம் சேர்த்து இருபது நிமிடம்.

வலிக்கு ஒரு கணக்கு: பத்துக்கு மூன்று வரை உள்ள வலி பயிற்சியின்போது வந்தால் பயப்பட வேண்டாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லையென்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மூட்டு வீங்கினாலோ, சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் மூட்டின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறையும் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். மூன்று கிலோ குறைத்தாலே படிக்கட்டில் வித்தியாசம் தெரியும்.

மூன்று மாத சர்க்கரை 5.9 வந்ததும் அரிசியை நிறுத்திவிட்டு ஆறு மாதமாகச் சிறுதானியம்தான். காலையில் கம்பங்கூழ், மதியம் தினைச் சோறு, இரவு ராகிக் களி. இப்போது 6.0. சிறுதானியம் சர்க்கரையைக் குறைக்காதா?
– வாசகர், சேலம்

தட்டில் பெயர் மாறியிருக்கிறது, அளவு மாறவில்லை. அரிசியில் 100 கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்து என்றால் தினை, சாமை, வரகில் 60 முதல் 66, ராகியிலும் அதற்குப் பக்கத்தில்தான். வித்தியாசம் உண்டு, ஆனால் 'நல்லதுதானே' என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் அந்த வித்தியாசம் காணாமல் போகும். ஒரு வேளைக்கு ஆளுக்கு 50 கிராம் தானியம், அதாவது சமைத்தபின் ஒரு கிண்ணம். அதற்கு மேல் வேண்டாம்.

அரைத்த விதமும் முக்கியம். முழுத் தானியமாக வேகவைத்தால் குடல் அதை உடைக்க நேரமெடுக்கும். மாவாக்கிக் கரைத்துக் காய்ச்சினால் பாதி வேலையை மிக்ஸியே முடித்துவிடுகிறது, கூழ் வேகமாகச் சர்க்கரையாக ரத்தத்தில் ஏறும். ராகியைக் கால்சியத்துக்காகச் சாப்பிடுங்கள் (100 கிராமில் சுமார் 350 மி.கி.), சர்க்கரைக்கு மருந்தாக அல்ல. கூழும் களியும் வாரம் இரண்டு நாள் போதும். மற்ற நாள் பச்சைப்பயறு தோசை, அடை, காய்கறி அதிகமுள்ள கிச்சடி. உங்கள் மூன்று வேளை உணவிலும் காய், பருப்பு பற்றிப் பேச்சே இல்லையே?

சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். முதலில் பொரியலும் கூட்டும் பாதி வயிற்றுக்கு, அதன்பின் சோறு. பந்தியில் சோறு விழும்வரை பொரியலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு காத்திருந்து பழகியவர்களுக்கு முதல் வாரம் என்னவோ போல இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் பதினைந்து நிமிடம் மெதுநடை, முக்கியமாக இரவில். உணவுக்குப் பின் எகிறும் சர்க்கரையைத் தசை அப்போதே இழுத்துக்கொள்ளும்.

5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-இலிருந்து நோய். 5.9-க்கும் 6.0-க்கும் உள்ள வித்தியாசம் பரிசோதனைக்கூடப் பிசகுக்குள்ளேயே வரும், அதனால் மனம் விடாதீர்கள். சென்னையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், இந்த முந்தைய நிலையில் இருந்தவர்களில் சும்மா விடப்பட்டோரில் 55 சதவீதத்தினருக்கு மூன்றாண்டுக்குள் நோய் வந்தது. தினம் அரை மணி நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் 39 சதவீதம்தான்.

எட்டு போட்டு நடந்தால் எல்லா நோயும் போகும் என்கிறார்களே?
– வாசகர், விழுப்புரம்

அதுவும் நடைதான். மொட்டை மாடி தவிர வேறு இடமில்லாதவர்களுக்கு வசதி, திரும்பித் திரும்பி நடப்பதால் இடுப்புக்கும் கொஞ்சம் வேலை. ஆனால் திருப்பத்தில் வேகம் விழும். 15 விநாடிக்கு 25 அடி வருகிறதா என்று பாருங்கள். தலைசுற்றல் உள்ளவர்களும், பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளும் நேர்நடையே நடக்கட்டும், அதுவும் செருப்போடு.

கொள்ளுத் தண்ணீர் குடித்தால் கொழுப்பு கரையுமா? காலையில் தேனும் எலுமிச்சையும்?
– வாசகி, தேனி

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதில் முதல் பாதி கணக்கோடு பொருந்துகிறது, எள்ளில் அவ்வளவு எண்ணெய். கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதமும் நிறைய நார்ச்சத்தும் இருப்பதால் பசி அடங்கும், அவ்வளவுதான். வேகவைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்கு வைப்பவர்கள் சத்தை மாட்டுக்குக் கொடுக்கிறார்கள். சுண்டலாகவோ துவையலாகவோ சாப்பிடுங்கள். தேன் என்பது சர்க்கரைதான், ஒரு ஸ்பூனுக்கு 20 கலோரி. எதையும் கரைக்காது.

எந்த எண்ணெய் நல்லது? செக்கு எண்ணெய்க்கு மாறியும் கொலஸ்டிரால் குறையவில்லை.
– வாசகி, செங்கல்பட்டு

எது என்று கேட்பதற்கு முன் எவ்வளவு என்று பாருங்கள். செக்கோ ரீஃபைண்டோ, ஒரு லிட்டரில் 8,000 கலோரிக்கு மேல். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வையுங்கள், நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். பாக்கெட்டைப் பிரிக்கும் அன்றே அதன் மேல் பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள், பதினைந்தாம் நாளுக்கு முன்பே முதல் லிட்டர் தீர்ந்தால் கை தாராளம் என்று பொருள். பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல் டீஸ்பூனால் எடுத்தாலே கணிசமாகக் குறையும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொலஸ்டிரால் கூடியிருப்பவர்களுக்கு அது தாளிக்க மட்டும். அப்பளம் பொரித்த எண்ணெயை மறுநாள் குழம்பில் ஊற்றும் சிக்கனம் வேண்டாம்.

உப்புக்கும் இதே தேதி வித்தை. ஆளுக்கு நாளைக்கு 5 கிராம், நாலு பேருக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், அப்பளம், மிக்சர் இதற்குள்ளேயே அடக்கம். எனவே ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாளைத் தாண்டியும் வர வேண்டும். இந்துப்பும் சோடியம்தான், அளவில் சலுகை கிடையாது.

வயது 51. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன். 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் முறையால் அலுவலகத்தில் ஒருவருக்கு ஏழு கிலோ குறைந்தது. நானும் செய்யலாமா?
– வாசகர், சென்னை

நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். மெட்ஃபார்மின் மட்டுமென்றால் ஆபத்து குறைவு. கிளிமிபிரைடு வேறு வகை: நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் மாத்திரையும் போட்டு நடையும் நடந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். மாத்திரை அளவை மாற்றித் தரச் சொல்லிவிட்டு அப்புறம் பட்டினியைப் பற்றி யோசிக்கலாம்.

அதற்குப் பதில் இரவு பத்து மணிச் சாப்பாட்டை எட்டுக்கு நகர்த்தி, காலை எட்டுக்குச் சாப்பிடுங்கள். பன்னிரண்டு மணி நேர இடைவெளி தானாகவே கிடைத்துவிடும். டிவி முன்னால் கொறிக்கும் நேரம் போவதுதான் இதில் பெரிய லாபம்.

தைராய்டு இருப்பதால்தான் எடை குறையவில்லையா? வயது 44, மாத்திரை 75.
– வாசகி, நாகர்கோவில்

டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு சரியாக இருந்தால் பழியைத் தைராய்டு மேல் போட முடியாது. அளவு கூடியிருந்தால், மாத்திரை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், காபிக்குக் குறைந்தது அரை மணி முன்னால், முடிந்தால் ஒரு மணி. ஒரு கையில் மாத்திரை, மறு கையில் காபி டம்ளர் என்றால் மருந்து முழுதாக உறிஞ்சப்படாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

காலையில் எழவே முடியவில்லை. மாலை ஆறரைக்கு நடந்தால் பலன் உண்டா? இரண்டாவது சுற்றில் நெஞ்சு லேசாக இறுக்குகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. வாயுவாக இருக்குமா? வயது 55.
– வாசகர், வேலூர்

மாலை நடைக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் மருத்துவரைப் பார்க்கும்வரை நடையை நிறுத்துங்கள். நடந்தால் வந்து நின்றால் போகும் இறுக்கத்தை வாயு என்று ஜீரக சோடா குடித்துத் தள்ளிப்போடக் கூடாது. இதயத் தமனி அடைப்பின் வழக்கமான அறிகுறி இது. நாளைக்கே போங்கள். படுத்த நிலையில் எடுக்கும் இ.சி.ஜி. சரியாகவே வரலாம், அதை வைத்து வீடு திரும்பிவிடாமல் 'நடக்கும்போது மட்டும் வருகிறது, நின்றால் போகிறது' என்ற வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். எக்கோவா, டிரெட்மில்லா, வேறு சோதனையா என்று அவர் முடிவு செய்வார். அதற்குள் உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவி வியர்த்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், பைக்கில் நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.